என் வேலைக்கு மூன்று பதிலாட்கள்

வீட்டில் படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான், அவரும் நம் வேலையில் குறை கண்டுபிடிக்காத நாள் கிடையாது.

இந்த இரண்டு வரியைப் படித்ததும் தலையை ஆட்டுகிறவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் "ஐயோ பாவம்" என்பார்கள், அது நமக்கு வேண்டாம். நான் மலாக்காவில் காஜா பெராங்கில் குடியிருப்பவள். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எனக்கு உடம்புக்கு வந்தது. என் இடத்தில் நிற்க வீட்டாரைப் பழக்கவேண்டி வந்தது. பழக்கியதுகூடப் பெரிதில்லை. அவர்கள் பழகிக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சிரித்த முகக்காரர்

என் வீட்டுக்காரர் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தார். கடைக்கு வரும் பெண்கள் முதலாளியைத் தேடமாட்டார்கள், இவரைத்தான் தேடுவார்கள். "அந்தச் சிரிச்ச முகக்காரர் இல்லையா?" என்று கேட்டு, இல்லையென்றால் கோவிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று கிளம்பிவிடுவார்களாம். இதையெல்லாம் அவரே வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வார். அப்போது நான் சோற்றுக் கரண்டியை எந்த வேகத்தில் வைத்தேன் என்பதை அவர் கவனித்ததே இல்லை.

ஒரு நாள் பட்டுச்சேலையை விரித்த கை விரித்தபடியே நின்று, சேலைக் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்ச நாள் குழறி, பிறகு திரும்பிவிட்டது. குறை சொல்ல வேண்டுமே, திரும்பாமல் இருக்குமா? நான் பட்ட துக்கம் தெய்வத்துக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்தத் துக்கத்தின் ஓரத்தில், இனி இவர் எந்தப் பெண்ணுக்கும் சேலை விரிக்கப் போவதில்லை, முழுசாக எனக்குத்தான் என்று ஒரு நிம்மதியும் ஒட்டிக்கொண்டிருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

முழுசாக வந்தவர், அந்தச் சிரிப்பை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வெந்நீர் சூடு, தலையணை பள்ளம், குழம்பில் உப்பு என்று எனக்குக் கிடைத்ததெல்லாம் குறைதான். ஒரு நாள் பொறுக்காமல், "ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் சிரிச்சீங்களே, எனக்கு ஒரு சிரிப்பு சிரிச்சா என்ன குறைஞ்சிடும்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அவுங்க வாங்க வந்தவுங்க. நீதான் ஏற்கெனவே வாங்கிட்டியே."

தட்டு

இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சோற்றில் இடது கையை வைக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கரண்டியும் ஆகாது. அதனால் நானே பிசைந்து, உருட்டி, ஊட்டிவிடுவேன். அவர் சாப்பிட்டு முடித்த தட்டிலேயே நானும் உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் தட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவர் படுத்த பிறகும் அதை நான் மாற்றவில்லை.

பசாரில் ஒரே ஒரு மீன்தான் வாங்குவேன். எங்கள் ஒரே மகன் சந்திரன், அப்பா விழுந்த அன்று முருகனுக்கு நேர்ந்துகொண்டு மீனை விட்டுவிட்டான். கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்குத்தானே தெம்பு வேண்டும்? மீன் முழுசாக அவர் தட்டுக்குப் போய்விடும். ஆனால் சரியாகப் பாதி சோறு, பாதி மீன் ஆனதும் வாயைக் கெட்டியாக மூடிக்கொள்வார். கேட்டால் உப்பு அதிகம் என்பார். மிச்சத்தை நான் சாப்பிட்டுப் பார்த்தால் உப்பு சரியாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் விழுந்தபோது நாக்கும் சேர்ந்து விழுந்துவிட்டதோ என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"உப்பை மாத்து, இல்லாட்டி ஆளை மாத்து."

ஆளை மாற்றும் வேளை

அவர் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. எனக்கு அடிவயிற்றில் ஒரு கனம். முதலில் வாயு என்று சுக்குக் கஷாயம் குடித்தேன். பிறகு ஒரு நாள் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது கண் இருட்டி, அவர் மேலேயே விழுந்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், கட்டி இருக்கிறது, அறுத்து எடுக்கவேண்டும், அதற்குப் பிறகும் பல வாரம் குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸி பக்கத்தில் நின்று எனக்கு விளக்கிச் சொன்னாள்.

"அதெல்லாம் முடியாதும்மா, அவரை யார் பார்க்கிறது? என் கை இல்லாம அவர் ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டார்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. மிஸ்ஸி என் பெருமையைக் கண்டுகொள்ளவில்லை.

"நீங்களும் விழுந்துட்டா ரெண்டு பேரைத் தூக்க ஆள் தேடணும்க்கா. போய் இப்பவே ஆளைப் பழக்குங்க."

பாக்கியத்தின் பலம்

முதலில் வந்தவள் அவருடைய தங்கை பாக்கியம். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருக்கிறாள். பிள்ளை குட்டி இல்லை. அவள் புருஷன் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்கிற மனுஷன். அதைக் கேட்டபோதே எனக்கு வயிறு எரிந்தது, அது வேறு கதை. டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி, "அண்ணி, சொல்லுங்க, என்ன செய்யணும்?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

அவரை நகர்த்த நான் ஒரு வழி வைத்திருந்தேன். பழைய நூல்சேலை ஒன்றை நாலாக மடித்து அவர் இடுப்புக்குக் கீழே எப்போதும் போட்டிருப்பேன். விழுந்த காலை முதலில் மடக்கி, சேலையின் இரண்டு முனையையும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால், தோல் உராயாமல் ஓரத்துக்கு வந்துவிடுவார். அதற்கு எந்தச் சேலை என்பதில்கூட அவருக்கு அபிப்பிராயம் உண்டு. ஜரிகைக் கரை உறுத்துமாம், புதுச்சேலை வழுக்குமாம். இதையெல்லாம் நான் பாக்கியத்துக்கு நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் பாதியில், "இதுக்கா இவ்வளவு?" என்று சொல்லி, ஒரு கையைத் தோளுக்குக் கீழேயும் ஒரு கையைத் தொடைக்குக் கீழேயும் கொடுத்து, அரிசி மூட்டையைத் தூக்குகிறவள் மாதிரி தூக்கி நாற்காலியில் உட்கார்த்திவிட்டாள். நான் பதறிப்போய்க் கூச்சல் போட்டேன். அவரோ சிரித்தார். கடையில் விட்டுவந்த அதே சிரிப்பு. பல்லெல்லாம் தெரிந்தது.

"என்னா பலம்டி உனக்கு! உங்க அண்ணி தூக்கினா, விலை படியாத கிராக்கி மாதிரி இழுத்துக்கிட்டே இருப்பா."

மூன்று இருமல்

எங்கள் வீடு பலகை வீடு. இந்தப் பக்கம் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அதனால் ஒன்றுக்கு, ரெண்டுக்குச் சட்டி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கூச்சம். ஒற்றை இருமல் என்றால் தண்ணீர், இரட்டை இருமல் என்றால் சட்டி, இழுத்து இருமினால் பொழுது போகவில்லை, பேப்பரைக் கொடு என்று அர்த்தம். இதை அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தானாகப் படிந்த பாஷை. இதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. எங்களுக்குள் இருந்ததை எடுத்து ஏலம் போடுவதுபோல் இருந்தது.

சந்திரனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி வேலை. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இந்த மூன்று இருமலையும் மனப்பாடம் செய்தான். அடுத்த நாள் அவர் இழுத்து இருமியதும் ஓடிப்போய்ச் சட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் பரம திருப்தி.

"பேப்பர் கேட்டேன்டா. இதை வச்சுக்கிட்டு என்னத்தைப் படிக்கிறது?"

கண்ணை மூடிய மகன்

நல்ல பிள்ளைதான் சந்திரன், ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்னும். அப்பாவைக் கழுவிவிட வேண்டிய கட்டம் வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துணியைத் தடவினான். துணி மெத்தையைத்தான் துடைத்தது. அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இப்படிப் படும் அவதியைக் கண்டு, இது ஆகாது, ஆபரேஷனை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கிட்டத்தட்ட முடிவுகட்டிவிட்டேன். அந்த முடிவு எனக்குப் பிடித்தும் இருந்தது. அவர்தான் அதைக் கெடுத்தார்.

"கண்ணைத் தெறடா. சின்னதுல உனக்கு நான் கண்ணைத் தெறந்துக்கிட்டுத்தான் தொடைச்சேன்."

அதன் பிறகு அவன் கண்ணைத் திறந்துவிட்டான். வேலையும் கற்றுக்கொண்டுவிட்டான்.

பானையின் குற்றம்

பாக்கியம் பசாருக்குப் போகும் நேரத்தில் வந்து உட்கார ஒருவர் வேண்டுமே? பக்கத்து வீட்டு லெட்சுமி மக், மக் என்றால் மலாயில் அம்மா, தானே வந்து சொன்னார், "நான் இருக்கிறேன்" என்று. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் மலாக்கா செட்டி சமூகத்துப் பெண்மணி. நெற்றியில் விபூதி, இடுப்பில் பாத்திக் சாரோங், மேலே கெபாயாச் சட்டை. நம்மைப்போலவே சாமி கும்பிடுகிறவர், ஆனால் பேச்சு முழுக்க மலாய். எனக்குத் தெரிந்த மலாய் மீன் விலை கேட்க மட்டும்தான் உதவும். என் வீட்டுக்காரருக்கோ கடையில் இருந்த காலத்தில் பழகிய மலாய், வெண்ணெய் மாதிரி வரும்.

லெட்சுமி மக் வந்து உட்கார்ந்த அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் பாத்திக் துணி எந்த ஊரில் நல்லது, எந்தச் சாயம் நிற்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். துணி என்ற சொல்லைக் கேட்டதும் இவர் முகத்தில் வெளிச்சம். இடது கையாலேயே போர்வையை உதறி, மடிப்பு எடுத்து, மடியில் விரித்துக் காட்டுகிறார்! இத்தனை வருஷம் அந்தப் போர்வையை நான்தானே துவைத்தேன்? எனக்கு ஒரு தடவை விரித்துக் காட்டினாரா? அடுப்படியில் நான் பானையை எடுத்து வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் கேட்டிருக்கவேண்டும். இரண்டாவது தடவை வைத்ததும், "கக்கா, பிரியோக் இத்து அபா சாலா?" என்று லெட்சுமி மக் கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று என் வீட்டுக்காரர் கரிசனமாக மொழிபெயர்த்தார்.

"அந்தப் பானை என்னா தப்பு பண்ணுச்சுன்னு கேக்குறாங்க."

கோழிக்கு வந்த யோகம்

கடைசிப் பாடம் சாப்பாடு. பாக்கியத்தை உட்காரவைத்து, எவ்வளவு பெரிய உருண்டை, முள்ளை எப்படித் தடவிப் பார்ப்பது, எந்தக் கன்னத்தில் வைப்பது என்று எல்லாம் காட்டினேன். அவள் ஊட்டினாள். வழக்கம்போல் பாதியில் வாயை மூடிக்கொண்டார். உள்ளூர எனக்கு எவ்வளவு ஆனந்தம் தெரியுமா? தூக்கினால் சிரித்தவர், சாப்பாட்டிலாவது என்னிடம் இருக்கிற மாதிரியே அவளிடமும் இருந்தாரே.

"கட்டாயப்படுத்தாதே பாக்கியம், எப்பவும் பாதிதான் சாப்பிடுவார்" என்றேன். அவள் மிச்சத்தைப் பார்த்தாள். அதில் நல்ல பாதி மீன் இருந்தது. அண்ணன் எச்சிலைத் தங்கை தின்ன முடியாது. நான் சாப்பிடுகிற தட்டு அது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் அதை என்ன செய்வது என்று அவளுக்கு நியாயமான சந்தேகம். அவள் கொல்லைப்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்ன பதிலைக் கேட்டு, கட்டிலில் இருந்தவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அப்போது கோழியின் மேல் பொறாமைப்படுவதில் மும்முரமாக இருந்ததால், அந்தப் பார்வையைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

"அப்ப நீங்க வர்ற வரைக்கும் மிச்சத்தைக் கோழிக்குப் போட்டுடுறேன் அண்ணி."

ஒத்திகை

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வீட்டைவிட்டு வெளியே இருந்து பாருங்கள் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். நல்ல யோசனை, நீங்களும் செய்யுங்கள். ஆனால் என்னைப்போல் செய்யாதீர்கள். செங் என்ற ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் பஸ் ஏறினேன். அங்கே பசியாறினேன் என்றுகூடச் சொல்லமுடியாது. தோசையைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரைப் பற்றி நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை நம் கட்சிக்காரர்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் இல்லாமல் அவர் நல்லபடியாக இருக்கவேண்டும், ஆனால் நான் இல்லாமல் சந்தோஷமாக இருக்கக்கூடாது. இரண்டையும் ஒரே சாமியிடம் கேட்டேன். மத்தியானமே பஸ் பிடித்துத் திரும்பி வந்து, முன்வாசலில் நுழையாமல் கொல்லைப்பக்கமாகப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். குளித்து, வெள்ளைச்சட்டை போட்டு, நெற்றியில் திருநீறோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் இருந்து பின்னால் குரல் கேட்டது.

"என்னா அண்ணி, பஸ் வரலையா, இல்லே எங்களைப் பிடிக்க வந்தீங்களா?"

ஆஸ்பத்திரிக்கு வந்த சேதி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "அவர் சாப்பிட்டாரா?" அன்று யாருக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் சந்திரன் வேலை முடிந்து சைக்கிளில் வந்தான். முகமெல்லாம் சந்தோஷம். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அவன் கொண்டுவந்த சேதி என்ன தெரியுமா? அப்பா தட்டைக் காலி செய்துவிட்டாராம். மீனில் முள் மட்டும்தான் மிச்சமாம். கோழிக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையாம்.

முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே சேதி. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாராம். "அதே உப்புதானே போடுறா?" என்று கேட்டேன். "நீங்க சொன்ன அதே உப்புதாம்மா" என்றான். அவன் போன பிறகு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். தையல் போட்ட வயிறு அழவிடாமல் வலித்தது. அப்படியானால் இத்தனை வருஷமும் உப்பு இல்லை குற்றம், என் கைதான். ஆளை மாற்று என்றார், மாற்றினேன், தட்டு காலியாகிவிட்டது. தமிழ் தெரிந்த அந்த மிஸ்ஸி வந்து என்னவென்று விசாரித்தாள். விக்கி விக்கிச் சொன்னேன். அவள் வெப்பமானியை உதறிக்கொண்டே சொன்னாள்:

"புருஷன் சாப்பிடலேன்னு அழுறவங்களைப் பாத்திருக்கேன். சாப்பிடுறாருன்னு அழுற பொண்டாட்டியை இப்பத்தான்க்கா பாக்குறேன்."

ஊர்வலம்

மெர்டேக்கா நாளன்று நான் இன்னும் வார்டில்தான் இருந்தேன். ஊரெல்லாம் தோரணம், பட்டாசு, பாண்டு வாத்தியம். எங்களுக்கு ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும் வந்தது. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஜன்னலில் நின்றார்கள். நானோ, வீட்டுக்காரர் இந்தச் சத்தத்தில் தூங்குவாரோ மாட்டாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அவர் வீட்டிலேயே இல்லை. பாக்கியம் அவரைத் தூக்கி, பேச்சா என்கிற மூன்று சக்கர ரிக்‌ஷாவில் உட்காரவைத்திருக்கிறாள். அவர் சரிந்துவிடாமல் நான் நகர்த்தப் பயன்படுத்தும் அதே நூல்சேலையால் லெட்சுமி மக் சேர்த்துக் கட்டியிருக்கிறார். சந்திரன் கூடவே சைக்கிளில். மூன்று பேருமாக அவரை ஜாலான் பெண்டஹாரா முழுக்கச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். பழைய கடை வாசலில் நிறுத்தியதும் முதலாளி வந்து மாலை போட்டிருக்கிறார். விழுந்துவிடுவார் என்ற பயத்தில் இத்தனை வருஷமும் நான் அவரை வாசற்படி தாண்டவிடவில்லை. ஊருக்கே கொண்டாட்டமான அந்த நாளில் நான் ஒருத்திதான் நாட்டின்மேலேயே பொறாமைப்பட்டிருப்பேன். அவர் பேச்சாவில் இருந்தபடி சொன்னதை சந்திரன் மறுநாள் வார்டே கேட்கும்படி சொல்லிக்காட்டினான்.

"நாட்டுக்குக் கெடைச்சுச்சு, எனக்கும் கொஞ்சம் கெடைச்சுச்சுடா."

விருந்தாளி

ஒரு வழியாக வீட்டுக்கு வந்தேன். குனியக்கூடாது, தூக்கக்கூடாது, காரம் புளி ஆகாது. பாக்கியம் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, தனிக் கிண்ணத்தில் கஞ்சியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டாள். என் வீட்டில் நானே விருந்தாளி. எதிரே கட்டிலில் அவள் ஊட்டுகிறாள், அவர் சாப்பிடுகிறார். கேள்விப்பட்டதைக் கண்ணாலேயே பார்த்தேன். மீன் நடுமுள்ளோடு நின்றது. தட்டில் ஒரு பருக்கை இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. முதல் வாய் வாங்குவதற்கு முன்னால் தினமும் பாக்கியத்திடம் ஒரு கேள்வி கேட்பார். நான் கிண்ணத்தோடு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், என்னைக் கேட்கமாட்டார், அவளைத்தான் கேட்பார். நான் குறுக்கே வரமாட்டேன் என்று உறுதிசெய்துகொண்டு நிம்மதியாகச் சாப்பிடத்தான் இந்த விசாரணை என்று நினைத்துக் கஞ்சியைக் கோபத்தோடு குடித்தேன்.

"அவளுக்குக் குடுத்தாச்சா?"

ஒரு மீன்

டாக்டர் எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு, பாக்கியம் ஊருக்குக் கிளம்பினாள். மத்தியான பஸ்ஸுக்கு டிரங்குப் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அன்று நானே பசாருக்குப் போய் நல்ல வௌவால் மீனாக ஒன்று வாங்கிவந்தேன். உப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் போட்டேன். தட்டில் முழு மீனையும் வைத்து, பாக்கியம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அவள் உருட்டுகிற அளவுக்கே உருட்டி ஊட்டினேன். ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொண்டார். பாதி சோறு ஆயிற்று. பாதி மீன் ஆயிற்று.

வாயை மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒரு வாய்" என்றேன். "போதும். உப்பு ஜாஸ்தி" என்றார். வாசலில் இருந்த பாக்கியம் எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா அண்ணி, உங்க கைக்கு வந்ததும் பழைய குணம் வந்துடுச்சு" என்று சிரித்தாள். எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "அவ குடுத்தா தட்டையே வழிச்சுத் தின்னீங்க. என் கையில என்ன விஷமா இருக்கு? பரவாயில்லை, கோழியாவது தின்னட்டும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

தட்டு நகரவில்லை. இடது கையால் விளிம்பைப் பிடித்திருந்தார். சோற்றின் பக்கமே கொண்டுவராத அந்த இடது கை, விரலெல்லாம் குழம்பில் முங்கியிருந்தது. அவர் என்னைத் திட்டத் தொடங்கினால் பேச்சு கொஞ்சம் குழறும். அன்றும் குழறியது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது, வாசலில் இருந்த பாக்கியத்துக்கும் விளங்கியது.

"ஒத்தை மீனை வாங்கி என் தட்டுல போட்டுட்டு, நான் வச்சதைத்தானே நீ திங்கிறே? முழுசா நான் தின்னுட்டா நீ எதைடீ திம்பே?"

பாக்கியம் அதற்கு மேல் அங்கே உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். நான் அந்தத் தட்டிலேயே உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டேன். உப்பு உண்மையாகவே கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. கண்ணில் இருந்து விழுந்ததைச் சேர்த்துச் சொல்கிறேன். அன்றிலிருந்து மீன் இரண்டாக வாங்குகிறேன், ஒன்றை அவர் கண்ணெதிரே என் பங்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் ஊட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாக்கியமும் சந்திரனும் லெட்சுமி மக்கும் முறைவைத்துக்கொண்டு பார்க்கிறார்கள், நான் கோவிலுக்குப் போய்விட்டு நிதானமாகத் திரும்பி வருகிறேன். நீங்களும் விழுவதற்கு முன்னாலேயே ஆளைப் பழக்கிவிடுங்கள்.

அத்தனை வருஷமும் அவர் சொன்ன உப்பெல்லாம் எனக்காகச் சொன்ன உப்பு என்று தெரிந்த பிறகும், பாக்கியம் தூக்கும்போது அவர் சிரிக்கிற அந்தச் சிரிப்பை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.